வலது கதவு இன்னும் வெறும் சிவப்பு

2011 ஜனவரியில் ஒரு நாள், பழைய பந்தயக் கார் ஒன்றின், 1937ஆம் ஆண்டுச் செவர்லே கூப் என்ற இரண்டு கதவுக் காரின், வலது கதவைக் கழற்றி, காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சித் துரு எடுத்துத் தரும் பட்டறைக்குக் கொண்டுபோனேன். மாலைக்குள் வேலை முடிந்துவிட்டது. பொட்டுத் துரு இல்லை, பொட்டுப் பெயின்ட் இல்லை. நேற்றுத்தான் ஆலையிலிருந்து வந்தது போலச் சாம்பல் நிறத்தில் வெறும் இரும்பாக நின்றது கதவு. மகிழ்ச்சியோடு திரும்பக் கொண்டுவந்து கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்தேன். நண்பர் குளிருக்குக் கைகளைத் தேய்த்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இதில் என்ன எழுதியிருந்தது?"

நான் பார்க்கவில்லை. மேலே வெளுத்துப்போன வெள்ளைப் பெயின்டும் துருவும்தான் என் கண்ணில் பட்டன. அடியில் வேறு ஏதாவது இருக்கும் என்று யோசிக்கக்கூட இல்லை. அந்தக் கேள்விக்கு இன்றுவரை விடை தேடிக்கொண்டிருக்கிறேன். பழைய பந்தயக் கார் ஒன்றை மீட்டெடுக்க நினைப்பவர்களும், தாத்தா காலத்துப் பொருள் எதையாவது பரணிலிருந்து இறக்கித் துலக்க நினைப்பவர்களும் அந்த ஒரு நாளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு மற்றவையும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துகொண்டன.

1981 இலையுதிர்காலத்தில் ஐபிஎம் வேலைக்காக நியூயார்க் மாநிலத்தின் எண்டிகாட் ஊருக்கு வந்தவன் நான். நியூயார்க் என்றதும் வானுயர்ந்த கட்டடங்களை நினைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன். வந்து சேர்ந்த இடத்தில் இருந்தவை சஸ்குவஹானா ஆறும், மலைச்சரிவுகளில் பால்பண்ணைகளும், மாலை ஆறு மணிக்கே அடங்கிவிடும் கடைத்தெருவும்தான். அடுத்த கோடையில், அலுவலகத்தின் மாதிரிப் பாகங்கள் செய்யும் பிரிவில் லேத் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், சனிக்கிழமை இரவு எனக்கு என்ன வேலை என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். ஓவீகோவில் இருந்த ஷாங்ரி-லா ஸ்பீட்வேக்கு என்னை அழைத்துப்போனார்.

கார் பந்தயம் எனக்குப் புதிதில்லை. சென்னையில் படித்தபோது சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பார்த்திருக்கிறேன். அங்கே கார் நம்மைத் தாண்டிப் போனால் அதோடு சரி. மறுபடி வரும்வரை வெயிலில் நின்றுகொண்டு, அந்தப் பக்கம் என்ன நடந்திருக்கும் என்று பேசிக்கொண்டிருப்போம். ஷாங்ரி-லா அரை மைல் நீள்வட்டத் தார்த் தடம். உட்கார்ந்த இடத்திலிருந்து முழுப் பந்தயமும் தெரியும். யார் யாரை எந்தத் திருப்பத்தில் நெருக்குகிறார், யார் டயரைச் சேமிக்கிறார், யார் பொறுமை இழக்கிறார் என்று எல்லாமே கண்முன்னே நடக்கும். ஒரு சுற்றுக்கு இருபது விநாடி, அதற்கு முன்னே பின்னே. சைலன்சர் இல்லாத, எட்டு சிலிண்டர் கொண்ட வி8 இன்ஜின்கள் இருபதுக்கும் மேல் ஒன்றாகக் கிளம்பும்போது ஒலி காதுக்கு வருவதற்கு முன்பே நெஞ்செலும்பில் வந்து மோதும். அன்று இரவு வீடு திரும்பியபோது சட்டைக் காலரில் டயர் ரப்பரின் கருந்துகள் ஒட்டியிருந்தது. மறுநாள் துவைக்க மனமில்லாமல் அப்படியே மடித்து வைத்தேன்.

அந்தக் கார்களுக்கு மாடிஃபைடு என்று பெயர். நான் பார்த்த காலத்தில் அவை தரையோடு தரையாகப் படுத்திருக்கும். மட்கார்டு இல்லாத அகன்ற டயர்கள் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். நடுவில் ஃபோர்டு பின்டோ போன்ற சின்னக் காரின் மேலுடல். அவற்றுக்கு இடையே ஆரஞ்சு நிறத்தில் 61 என்ற எண்ணோடு ஒரு கார் வரும். ஓட்டியவர் ரிச்சி எவன்ஸ். அமெரிக்கக் கார் பந்தய அமைப்பான நாஸ்காரின் தேசிய மாடிஃபைடு பட்டத்தை ஒன்பது முறை வென்றவர். அதில் 1978 முதல் 1985 வரை தொடர்ச்சியாக எட்டு. அவருக்குப் போட்டியாக இருந்த ஜெர்ரி குக் ஆறு முறை வென்றவர். இருவரும் நியூயார்க் மாநிலத்தின் ரோம் என்ற ஒரே ஊர்க்காரர்கள். 1971 முதல் 1985 வரை பதினைந்து ஆண்டுப் பட்டமும் அந்த ஒரே ஊருக்குப் போனது. இவ்வளவு பெரிய நாட்டில், ஒரு நடுத்தர ஊரின் இரண்டு பட்டறைகளுக்குள்ளேயே பதினைந்து ஆண்டுகள் பட்டம் சுற்றிவந்தது என்பதை இப்போது நினைத்தாலும் எனக்கு வியப்புத் தீரவில்லை.

1985 அக்டோபர் 24, வியாழக்கிழமை. வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில் தடத்தில் பயிற்சி ஓட்டத்தின்போது எவன்ஸ் சுவரில் மோதி இறந்தார். வயது 44. அந்த ஆண்டுப் பட்டம் ஏற்கெனவே அவர் கையில் இருந்தது. மறுநாள் காலை நண்பர் என் மேசைக்கு வந்தார், ஒன்றும் பேசவில்லை, சிறிது நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். எனக்குத் தெரிந்து அவர் வேலை நேரத்தில் இயந்திரத்தை விட்டு நகர்ந்த நாள் அது ஒன்றுதான். 61ஆம் எண்ணை மாடிஃபைடு பந்தயத் தொடரில் இனி யாருக்கும் தருவதில்லை என்று பின்னர் ஓய்வளித்துவிட்டார்கள்.

ஆனால் நண்பருடைய ஏக்கம் அந்தப் பின்டோக்களின் மேல் இல்லை. அதற்கு முந்தைய காலத்தின் மேல். 1960களில், இருபது வயது இளைஞராக, ஒரு கூப்பின் பின்னால் ஜாக்கியும் ஸ்பேனருமாக ஓடிக்கொண்டிருந்தவர் அவர். காரில் போகும் வழியெல்லாம் அந்தக் கதைதான். நான் கண்ணால் பார்க்காத காலம் என்றாலும் கேட்டுக் கேட்டு அது எனக்கும் சொந்தமாகிவிட்டது.

போர்க்காலத்தில், 1942 பிப்ரவரி முதல், அமெரிக்காவில் பொதுமக்களுக்குக் கார் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள். போர் முடிந்து புதுக் கார்கள் வரத் தொடங்கியதும் 1930களின் ஃபோர்டு, செவர்லே கூப்கள் பழைய இரும்புக் கடைகளில் குவிந்தன. இரண்டு கதவு, சின்ன அறை, எடை குறைவு, எலும்பு உறுதி. ஊர் திரும்பிய படைவீரர்களில் வெல்டிங் தெரிந்தவர்கள் இருந்தார்கள், இன்ஜின் தெரிந்தவர்கள் இருந்தார்கள். மட்கார்டுகளை அறுத்துத் தள்ளி, உள்ளே குழாயை வளைத்துக் கூண்டு கட்டி, இன்ஜினை மட்டும் தங்கள் விருப்பம் போல மாற்றிக்கொண்டார்கள். மாற்றலாம் என்ற அந்த அனுமதிதான் பெயராகவே நின்றது. 1948இல் நாஸ்கார் தொடங்கியபோது நடத்தியது இந்தக் கார்களைத்தான். அந்த ஆண்டு பிப்ரவரி 15 அன்று டேடோனா கடற்கரையில் நடந்த முதல் பந்தயத்தையும், அவ்வாண்டின் பட்டத்தையும் வென்றவர் ரெட் பைரன். போரில் கால் ஊனமாகி, இரும்புப் பட்டை கட்டிய காலோடு கிளட்ச் மிதித்து ஓட்டியவர். இன்று தொலைக்காட்சியில் பார்க்கும் பெரிய தொடர் அதற்கு அடுத்த ஆண்டுதான் பிறந்தது. அண்ணன் இவன்; பெயர் வாங்கியது தம்பி.

நான் வியக்கும் விஷயம் ஒன்று உண்டு. எந்த இரண்டு காரும் ஒன்றுபோல இருக்காது. கையில் எது கிடைத்ததோ அதை வைத்துக் கட்டியவை. ஒன்றுக்கு ஃபோர்டு லாரியின் முன் ஆக்சில், இன்னொன்றுக்குப் பண்ணை டிராக்டரிலிருந்து வெட்டிய தகடு. வெல்டிங்கின் தையலைப் பார்த்தே இன்னார் கை என்று நண்பர் சொல்லிவிடுவார். 1970களின் தொடக்கத்தில் கூப் உடல்கள் போய்ச் சின்னக் கார்களின் உடல்கள் வந்தன; பிறகு சேஸிஸ் என்ற அடிச்சட்டகங்களைக் கடையிலேயே வாங்கலாம் என்றாயிற்று. ஓட்டம் வேகமானது, பாதுகாப்பும் கூடியது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கையெழுத்து மறைந்துவிட்டது.

ஷாங்ரி-லா 2005இல் மூடப்பட்டது. 2010இல், எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் ஒரு பால்பண்ணையின் பின்புறக் கொட்டகையில் பழைய பந்தயக் கார் கிடக்கிறது என்று நண்பருக்குச் செய்தி வந்தது. போய்ப் பார்த்தோம். வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால், நான்கு டயரும் தட்டையாகி, இருக்கை முழுக்க எலிக்கூடாக, ஒரு 1937 செவர்லே கூப். உரிமையாளருக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. அப்பா வாங்கிப் போட்டார் என்பதோடு சரி. நான் அப்போதுதான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். பாதிப் பணம் அவர், பாதிப் பணம் நான். டிரெய்லரில் ஏற்றும்போது நண்பர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

இங்கேயே சொல்லிவிடுகிறேன்: இப்படி ஒன்று கிடைத்தால் அதை எடுப்பதற்கு முன், கிடக்கும் இடத்திலேயே நூறு படம் எடுங்கள். சக்கரம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, இருக்கைக்கு அடியில் என்ன கிடக்கிறது, எந்த ஓட்டையில் எந்தக் கம்பி செருகியிருக்கிறது, எல்லாவற்றையும். எலிக்கூட்டை அள்ளும்போது முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். முதலில் தண்ணீரும் கிருமிநாசினியும் தெளித்து நனைத்துவிட்டு அள்ளுங்கள், உலர்ந்த எச்சத்தின் தூசி நுரையீரலுக்கு ஆபத்து. அள்ளியதை உடனே கொட்டிவிடாதீர்கள். எங்கள் காரின் எலிக்கூட்டுக்குள் ஒரு நுழைவுச் சீட்டின் பாதியும், மூன்று பற்சக்கர விகிதங்களைப் பென்சிலால் எழுதிய சிகரெட் அட்டையும் இருந்தன. அந்த அட்டையை இன்று கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருக்கிறோம்.

அதன் பிறகுதான் நான் அந்தக் கதவைக் கொண்டுபோனது.

நண்பர் என்னைத் திட்டவில்லை. மறுநாள் காலை ஒரு வாளி வெந்நீர், ஒரு சோப்புக் கட்டி, 600ஆம் எண் உப்புத்தாள், மரக்கட்டை ஒன்று, இவற்றோடு வந்து இடது கதவின் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். வாட்டர் பேப்பர் என்று நம் ஊர்ப் பட்டறைகளில் சொல்வார்களே, அந்தத் தாள்தான். கட்டையில் சுற்றி, சோப்பு நீரில் தோய்த்து, உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் வட்டமாகத் தேய்த்தார். வெள்ளை பாலாக வழிந்தது. துணியால் துடைத்தார். மறுபடி தேய்த்தார். கால் மணி நேரத்தில் வெள்ளைக்கு அடியில் சிவப்பு எட்டிப் பார்த்தது. அந்தச் சிவப்பின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு கோடு. தேய்ப்பதை அந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் பக்கத்தில் தொடங்கினார். மஞ்சள் கோடு வளைந்தது. மேலே போய் ஒரு கொக்கியாக முடிந்தது. ஏழு. கையால் எழுதிய ஏழு. தூரிகை தொடங்கிய இடத்தில் பெயின்ட் தடித்தும், இழுத்து முடித்த இடத்தில் மயிரிழையாக மெலிந்தும் இருந்தது. ஓரிடத்தில் தூரிகையின் மயிர் ஒன்று பெயின்டுக்குள்ளேயே சிக்கி உலர்ந்திருந்தது. யாரோ ஒரு பெயர்ப்பலகை ஓவியர், ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை மாலை, மறுநாள் பந்தயத்துக்காக அவசரமாக எழுதியது. நாங்கள் இருவரும் பேசவில்லை. வாளித் தண்ணீர் ஆறிப்போயிருந்தது.

அந்தக் கதவு முழுவதையும் திறக்க எங்களுக்கு ஏழு வாரம் ஆயிற்று. வெள்ளைக்கு அடியில் சிவப்பு, சிவப்புக்கு அடியில் கருநீலம். மூன்று நிறம், மூன்று எண், அதாவது மூன்று உரிமையாளர்கள். ஒவ்வோர் அடுக்கையும் அளவுகோல் வைத்துப் படம் எடுத்தோம். மெல்லிய தாளை மேலே பரப்பி எழுத்துகளைப் பென்சிலால் நகல் எடுத்தோம். எந்த அடுக்கில் நிற்பது என்பதுதான் பெரிய கேள்வி. சிவப்பில்தான் எழுத்து முழுமையாக இருந்தது, எனவே சிவப்பில் நின்றோம். ஒரு மூலையில் மட்டும், என் உள்ளங்கை அளவுக்கு, மூன்று அடுக்குகளையும் படிக்கட்டு போலத் தெரியும்படி விட்டிருக்கிறோம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும். நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது, ஆனாலும் கையுறை வேண்டும், அழுக்குத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றக்கூடாது. என் மனைவி வாசலிலேயே நின்று, "அந்தச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வாருங்கள்" என்று சொல்வாள். அவள் சொன்னது மிகச் சரி.

எண் கிடைத்ததும் ஊர் நூலகத்துக்குப் போனேன். பழைய நாளிதழ்களின் மைக்ரோஃபிலிம் சுருள்கள் அங்கே இருந்தன. திங்கள்கிழமைப் பக்கங்களை மட்டும் ஓட்டிப் பார்த்தால் போதும். சனிக்கிழமைப் பந்தய முடிவு அதில்தான் வரும். இரண்டு குளிர்காலம் பார்த்ததில் எங்கள் காரின் படம் ஒன்று கிடைத்தது. 1964ஆம் ஆண்டுக் கோடை. இடது கதவு தெளிவாக, நாங்கள் திறந்த அதே ஏழோடு. அப்போதுதான் ஒன்று உறைத்தது. நீள்வட்டத்தில் கார்கள் இடப்பக்கமாகவே திரும்பும். புகைப்படக்காரர்கள் தடத்தின் உள்வட்டத்தில் நிற்பார்கள். அவர்களுக்குத் தெரிவது காரின் இடப்பக்கம். கூட்டம் வெளிவட்டத்தில் மேடையில் உட்கார்ந்திருக்கும். அவர்களுக்குத் தெரிவது வலப்பக்கம். படங்களில் இருப்பது ஒரு கார், மனிதர்களின் நினைவில் இருப்பது அதே காரின் மறுபக்கம். நான் மணலடித்து அழித்தது மக்கள் பார்த்த பக்கத்தை.

இன்ஜின் 283 கன அங்குலச் செவர்லே வி8. 1957இல் வந்த வகை. 1960களில் இத்தகைய கார்களில் நிறைய பொருத்தினார்கள். இறுகிப் போயிருந்தது. முதல் பாடம்: இறுகிய இன்ஜினை நெம்புகோல் போட்டுத் திருப்பாதீர்கள். பிளக்குகளைக் கழற்றி, ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயையும் அசிட்டோனையும் சமமாகக் கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் ஊற்றி, வாரக்கணக்கில் ஊற விடுங்கள். எங்களுக்குப் பத்தொன்பதாம் நாள் கிராங்க் ஒரு விரல்கடை அசைந்தது. பிறகு முழுவதும் பிரித்துக் கட்டினோம். கட்டியபின் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே டிரில்லால் எண்ணெய் பம்பைச் சுழற்றி, வால்வு முனைவரை எண்ணெய் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டோம். வால்வுகளைத் தள்ளித் திறக்கும் அந்தக் காலத்துக் கேம்களுக்கு, துத்தநாகச் சேர்மம் கூடுதலாக உள்ள எண்ணெய் வேண்டும். இன்று சாதாரணக் கார்களுக்கு விற்கும் எண்ணெயில் அது குறைவு. புதுக் கேம் போட்டால் முதல் இருபது நிமிடம் இன்ஜினை ஐட்லிங்கில் விடாமல் 2000 சுற்று அளவில் வைத்திருக்க வேண்டும். பெட்ரோலில் இங்கே இப்போது பத்து சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள், பழைய ரப்பர்க் குழாயும் கேஸ்கட்டும் அதில் கரைந்து கூழாகிவிடும். அவற்றை மாற்றிவிடுங்கள், இதில் பழமை பார்க்க வேண்டாம்.

இதைவிட ஃபிளாட்ஹெட் ஃபோர்டு கிடைத்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 1932இல் வந்த அந்த வி8இல் எரிந்த புகை சிலிண்டர்களுக்கு இடையே இன்ஜின் கட்டைக்குள்ளேயே புகுந்துதான் வெளியேறும். அதனால் அளவுக்கு மீறிச் சூடாகும். வால்வு இருக்கைக்கும் சிலிண்டருக்கும் நடுவே விரிசல் விடும். காந்தத் தூள் போட்டுச் சோதிக்காமல் அதற்கு ஒரு காசும் செலவு செய்யாதீர்கள்.

பின் ஆக்சிலில் ஓர் அருமையான பொருள் இருந்தது: க்விக் சேஞ்ச். பின்மூடியைக் கழற்றினால் இரண்டு பற்சக்கரங்கள். அவற்றை உருவி வேறு ஜோடி போட்டால் விகிதம் மாறிவிடும். ஒவ்வோர் ஊர்த் தடத்துக்கும் ஒவ்வொரு ஜோடி. சிகரெட் அட்டையில் பென்சிலால் எழுதியிருந்தது இதைத்தான். மூடியைத் திறந்ததும் வந்த பழைய கியர் எண்ணெயின் கந்தக நாற்றத்தில் நண்பர் கண்ணை மூடிக்கொண்டு, "வெள்ளிக்கிழமை இரவு" என்றார். அந்தப் பெட்டியை மட்டும் அவர் என்னைத் தொடவிடவில்லை.

டயர் கணக்கை அவர்தான் எனக்குக் கற்றுத்தந்தார். பின் ஆக்சில் பூட்டிய ஆக்சில். இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றும். ஆனால் இடப்பக்கம் திரும்பும்போது வலச்சக்கரம் போக வேண்டிய தூரம் அதிகம். எனவே வல டயர் பெரிதாக இருக்க வேண்டும். எவ்வளவு? திருப்பத்தின் ஆரம் 200 அடி, அதாவது 2400 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரங்களுக்கு இடையே 60 அங்குலம். டயரின் சுற்றளவு 85 அங்குலம். 85ஐ 60ஆல் பெருக்கி 2400ஆல் வகுத்தால் இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேல் வரும். அந்த அளவுக்கு வல டயரின் சுற்றளவு கூட இருந்தால் கார் தானாகவே வளையும். பொறியியல் படித்த நான் காகிதத்தில் போட்ட இந்தக் கணக்கை, எட்டாம் வகுப்போடு நின்ற அந்தக் கால மெக்கானிக்குகள் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு, டயர்க் குவியலில் அளந்து அளந்து பொறுக்கி எடுத்தே போட்டிருக்கிறார்கள். எடைக்கும் அப்படித்தான். வலது முன்பக்கத்திலும் இடது பின்பக்கத்திலும் சேர்ந்து விழும் எடையை ஒரு போல்ட்டைத் திருகிக் கூட்டினால் கார் திருப்பத்தில் நேராகவே போகப் பார்க்கும். குறைத்தால் வால் வீசும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மாற்றியதை எழுதி வைக்க வேண்டும். நான் ஒரே நாளில் டயரையும் எடையையும் மாற்றிவிட்டு, எது வேலை செய்தது என்று தெரியாமல் ஒரு முழு நாளை வீணாக்கியிருக்கிறேன்.

எதைக் காப்பது, எதைக் காக்கக்கூடாது என்பதில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. பெயின்ட், எழுத்து, பள்ளம், வெல்டிங், பழைய ஸ்டீயரிங், இவை காரின் கையெழுத்து, தொடாதீர்கள். ஆனால் அன்று உயிர் காக்கப் போட்டவற்றை இன்று நம்பாதீர்கள். எங்கள் காரின் கூண்டு சாதாரணத் தண்ணீர்க் குழாயில் கட்டியது. அதை அப்படியே விட்டு, அதற்கு உட்புறமாகப் பந்தயத் தரக் குழாயில் இரண்டாவது கூண்டு கட்டிக் கறுப்பு அடித்திருக்கிறோம். குனிந்து பார்த்தால்தான் தெரியும். பெட்ரோல் டேங்க் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது. அதன் தகட்டை வெட்டித் திறந்து, உள்ளே நெருப்புக்குத் தாங்கும் ரப்பர்ப் பையுள்ள புது டேங்கைப் பொருத்தினோம். பெல்ட்டுகள் புதியவை, தேதி முத்திரை உள்ளவை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறோம். மக்னீசியச் சக்கரமோ, சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்போ இருந்தால் சாயம் ஊற்றி விரிசல் பார்க்காமல் ஓட்டவே கூடாது. பழைய டயர் பார்க்கப் புதிது போல இருந்தாலும் கல்லாகியிருக்கும். காட்சிக்கு வைக்க அது, ஓட்ட வேறொன்று. வளையாத முரட்டுச் சட்டகம் நல்லது என்றும் நினைக்காதீர்கள். சட்டகம் மடங்காவிட்டால் மோதலின் வேகம் முழுவதும் ஓட்டுபவர் உடம்பில்தான் இறங்கும். 1980களில் மாடிஃபைடு உலகம் நல்ல மனிதர்களைப் பறிகொடுத்துத்தான் அதைக் கற்றுக்கொண்டது.

2014 கோடையில் காரை டிரெய்லரில் ஏற்றி, ஏறத்தாழ 200 மைல் தெற்கே, பென்சில்வேனியாவின் யார்க் ஸ்பிரிங்ஸுக்குக் கொண்டுபோனோம். அங்கே பழைய பந்தயக் கார்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அதோடு சேர்ந்து லாட்டிமோர் வேலியில் அரை மைல் மண் தடமும் இருக்கிறது. பழைய கார்களை அங்கே ஓட்டிக் காட்டலாம். இது பந்தயம் இல்லை, முந்துவதற்காக ஓட்டுவதில்லை. முதல்முறை போகிறவர்கள் இதை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஹெல்மெட் போட்டதும் வயது மறந்துவிடும். நான்கு சுற்று ஓட்டினேன். ஐந்தாவது சுற்றில் எண்ணெய் அழுத்தம் 40இலிருந்து 25க்கு இறங்கியதைப் பார்த்ததும் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அந்த நான்கு சுற்றில் ஒவ்வொரு திருப்பத்திலும் பின் டயர்கள் மண்ணைக் கீறும் அதிர்வு இருக்கை வழியாக முதுகெலும்பில் ஏறியது. நண்பர் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்ஜினை நிறுத்தியதும் அவர் முதலில் தொட்டுப் பார்த்தது என்னை இல்லை, வல டயரைத்தான். சூடு சரியாக இருக்கிறது என்றார்.

காரை எங்கே நிறுத்தினாலும் இடப்பக்கம் பார்ப்பவர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். வலப்பக்கம் வருபவர்கள் நின்றுவிடுகிறார்கள். அந்தக் கதவில் அதே சிவப்பை அடித்திருக்கிறோம், ஆனால் எழுத்து இல்லை. இடது கதவைப் பார்த்து அதே போல எழுதிவிடலாமே என்று எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். எண்ணுக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் கதவின் கீழ்ப்பாதியில் காருக்குப் பணம் கொடுத்த உள்ளூர்க் கடையின் பெயர் எழுதுவார்கள், அது இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஊகித்து எழுதினால் அது என் கார் ஆகிவிடும், அவர்களுடையதாக இருக்காது.

அதனால் ஒரு நோட்டை வலது சன்னலில் தொங்க விட்டிருக்கிறேன். எண்பது வயதைத் தாண்டியவர்கள் கைத்தடியோடு வந்து நிற்பார்கள். யார் என்று கேட்பேன், எந்த ஊர்த் தடம், எந்த ஆண்டு, மேடையில் எந்தப் பக்கம் உட்காருவீர்கள் என்று கேட்பேன். கதவில் என்ன இருந்தது என்பதைக் கடைசியாகத்தான் கேட்பேன். முதலிலேயே கேட்டால் என்னை மகிழ்விப்பதற்காக ஏதாவது சொல்லிவிடுவார்கள். ஏற்கெனவே மற்றவர்கள் சொன்ன பெயரையும் சொல்ல மாட்டேன். ஒருவர் பால்பண்ணையின் பெயர் சொன்னார். ஒருவர் பெட்ரோல் பங்க். கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் பார்த்ததாகச் சொன்ன ஓர் அம்மையார், அது முடிதிருத்தும் கடை என்று உறுதியாகச் சொன்னார். எழுத்தின் நிறம் மஞ்சள் என்றும் கேட்காமலே சொன்னார்.

நோட்டில் இதுவரை மூன்று பெயர்கள். ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் ஒரே பெயரைச் சொல்லும்வரை தூரிகையைத் தொடுவதில்லை என்று நானும் நண்பரும் பேசி வைத்திருக்கிறோம். மஞ்சள் பெயின்ட் டப்பா ஒன்றை மட்டும் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டார் அவர்.